நாலரை மணி நேரப் பயணம்

"நாலரை மணி நேரம்! வெறும் நாலரை மணி நேரம், அத்தே! ஃப்ளைட்ல ஏறி ஒரு தூக்கம் போட்டா ஊர் வந்துடும். தம்பி துரையை இன்னும் காணோம்!"

ஐ.சி.யூ. வாசலில் பெரியவன் தன் போனை அத்தையின் மூக்குக்கு நேரே நீட்டினான். தம்பி வேலை பார்க்கும் ஊருக்கும் இந்த ஊருக்கும் நடுவே ஒரு வளைந்த கோடு. மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்று போட்டிருந்தது.

கண்ணாடி போடாத அத்தைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் தலையாட்டினாள். உள்ளே கிடப்பது அவளுடைய ஒரே அண்ணன். பாத்ரூமில் விழுந்து கிடந்தவரைக் காலையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பிழைப்பாரா என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

"பெத்த அப்பா இங்க உயிருக்குப் போராடறார். அவனுக்கு அங்க அப்படி என்ன வெட்டி முறிக்கிற வேலை?" என்றாள் அத்தை.

"சம்பாத்தியம்தானே அவனுக்குப் பெரிசு? கூட இருந்து பார்க்கறவனுக்குத்தான் கஷ்டம் தெரியும்."

"காலையிலேர்ந்து இவர் பச்சைத் தண்ணி குடிக்கலை, அத்தே" என்றாள் பெரியவனின் மனைவி. அவள் கையில் காலி காபி கப் இரண்டு இருந்தன.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். வாட்ச்மேனுக்குக்கூடக் காட்டிவிட்டான். அப்பாவைப் பற்றிப் பேசியதைவிடத் தம்பியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

பொழுது சாயும் நேரத்தில் சின்னவன் ஓடி வந்தான். பெட்டி இல்லை, பை இல்லை. ஆபீஸ் அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது.

"வாங்க சார்! நாலரை மணி நேரப் பயணத்துக்கு இவ்வளவு நேரமா?"

"நேர் ஃப்ளைட்ல இடம் இல்லண்ணா. ரெண்டு ஃப்ளைட் மாறி வரேன். அப்பா எப்படி இருக்கார்?"

"வந்துட்டான் விசாரிக்க!" அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் வெளியே வந்தார்.

"ரொம்ப நேரம் தரையிலேயே கிடந்திருக்கார். கிட்னி அடிபட்டிருக்கு. கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருந்தா இவ்வளவு மோசமாகியிருக்காது. கூட இருக்கறது யாரு?"

"நான்தான் டாக்டர்." பெரியவன் நெஞ்சை நிமிர்த்தினான். "ஒரே வீடு. அப்பா மாடியில, நாங்க கீழே."

"அப்ப சொல்லுங்க. கடைசியா எப்ப நல்லாப் பேசினார்?"

பெரியவன் மனைவியைப் பார்த்தான். மனைவி காபி கப்பைப் பார்த்தாள்.

"நேத்து ராத்திரி என்கிட்ட போன்ல பேசினார், டாக்டர்." சின்னவன் முன்னால் வந்தான். "தினம் விடிஞ்சதும் அவரே கூப்பிடுவார். இன்னிக்குக் கூப்பிடல. நான் கூப்பிட்டேன், எடுக்கல. ஆறு மணிக்கே அண்ணனை எழுப்பி, மாடிக்குப் போய்ப் பாருன்னேன். பார்க்கறேன்னான். திரும்பத் திரும்ப போன் போட்டேன். ஒன்பது மணிக்குத்தான் ஏறிப் பார்த்தான்."



அத்தை பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பெரியவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏண்டா, உன் வீட்டு ஹாலுக்கும் மாடிக்கும் எத்தனை கிலோமீட்டர்? அதையும் அந்த போன்லயே பார்த்துச் சொல்லேன்!"