கை மறைக்கும் வரை

மீனவர்கள் தங்கியிருந்த புயல் முகாமில் பரிமாறும் இயந்திரங்கள் நான்கு நாளாக ஒரே தகவலைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தன: எல்லோரும் வயிறார உண்டார்கள், பாதிச் சோறு மிச்சம். அதை நம்பி, நாளையிலிருந்து அரிசியைப் பாதியாக்க உத்தரவு எழுத உட்கார்ந்துவிட்டார் தாசில்தார் ரத்தினவேலு.

"எழுதாதீங்க சார். இவங்க அரைவயித்தோட கிடக்கிறாங்க," என்றாள் பிரிசில்லா.

இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள வந்த கல்லூரி மாணவி அவள். கணினிப் படிப்போடு மானிடவியலைத் துணைப்பாடமாக எடுத்ததற்கு வகுப்பே கேலி செய்திருந்தது. அந்தப் பாடம் பழக்கியபடி, நான்கு நாளும் மீனவர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதும் அவள் ஒருத்திதான்.

"போதும்னு அவங்களேதானேம்மா சொல்றாங்க?"

"முதல் கரண்டிக்கே போதும்னு சொல்லாதவங்க நம்ம பக்கம் யாரு சார்? கையால தட்டை மறைச்சாத்தான் நிஜமாப் போதும். அதுவரைக்கும் போட்டுக்கிட்டே இருக்கணும்."

இயந்திரங்களுக்கு அவள் அதை மட்டும் சொல்லிக்கொடுத்தாள்.

மத்தியானப் பந்தியில், மீன் விற்கும் அஞ்சலை "போதும்" என்றார். சோறு விழுந்தது. "ஐயோ, போதும்ப்பா" என்றார். மறுபடியும் விழுந்தது. நான்காவது கரண்டிக்குத்தான் சிரித்துக்கொண்டே தட்டின்மேல் கையை வைத்தார். பாதிப் பந்திக்குள் அண்டா காலி.

ரத்தினவேலு பாதி எழுதியிருந்த உத்தரவைக் கிழித்துப் போட்டார். இன்னும் இரண்டு அண்டா ஏற்றச் சொல்லிவிட்டு, அவரும் பந்தியில் உட்கார்ந்தார். முதல் கரண்டி விழுந்ததும், "எனக்குப் போதும்" என்றார்.

கை மடியிலிருந்து அசையவில்லை.