புத்தம்புதுப் பழைய ஜீப்

வீட்டில் மூன்று பழைய ஜீப்புகள் நிற்கும்போதே மகன் நாயாய் அலைந்து நாலாவதையும் வாங்கினான். அது அப்பா என்றோ விற்ற அதே வண்டி. மெக்கானிக் அதைக் கண்ணாடி மாதிரி மினுக்கிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

"தொட்டுப் பாருங்கப்பா, நம்ம வண்டி!"

அப்பா இடதுபக்க மட்கார்டைத் தடவினார். திரும்பவும் தடவினார்.

"உன்னை யாரோ நல்லா ஏமாத்திட்டான்டா. உங்கம்மா இருந்தப்போ, ஓட்டிப் பழகறேன்னு கேட்ல இடிச்சாளே, அந்தப் பள்ளம் எங்கே?"

"அதை நிமிர்த்தறதுக்குள்ள எனக்கு முதுகே ஒடிஞ்சுபோச்சு சார்!" என்றார் மெக்கானிக், பெருமையாக.

அப்பாவின் கை மட்கார்டை விட்டு இறங்கவில்லை.

"சரி விடு," என்றார் மெதுவாக. "என்ன கலர்னாவது சொல்லுடா. எனக்குத்தான் கண்ணு தெரியலையே."