பூட்டி வைத்த துப்பாக்கி

“துப்பாக்கியை வீட்டுல எங்க வெச்சிருப்பீங்க?”

“பீரோவுலங்க. பூட்டித்தானுங்க வெப்பேன்.”

“சாவி?”

“என்ற அரணாக்கயித்துலங்க. குளிக்கறப்பக்கூட அவுக்க மாட்டேன்.”

சப் இன்ஸ்பெக்டர் மெர்சி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எதிரே நின்ற பாலுசாமிக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். மதுக்கரைக்கு மேற்கே மலையடிவாரத்தில் மக்காச்சோளம் போடுகிறவர். காட்டுப்பன்றிகளை விரட்ட லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி முப்பது வருடமாக அவரிடம் இருந்தது. நேற்றுக் காலை அது வெடித்து, அவருடைய ஒரே மகன் கிருபாசங்கர் வீட்டுக்குள்ளேயே இறந்துபோனான். பாலுசாமியின் சட்டையை நேற்றே போலீஸ் எடுத்துக்கொண்டது. யாரோ கொடுத்த பெரிய சட்டை அவர் உடம்பில் தொளதொளவென்று தொங்கியது.

“தோட்டா எங்க இருக்கும்?”

“அது வேற ரூம்லங்க. துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே எடத்துல இருக்கவே கூடாதுங்க, அம்மணி. காட்டுல இருந்து வந்ததும் உள்ள இருக்கற தோட்டாவை உருவிப்போட்டு, ரெண்டு தடவை பாத்துப்போட்டுத்தான் பூட்டுவேன்.”

“நேத்து உங்க பீரோவைத் தொறந்து பாத்தோம். சேலையும் வேட்டியுமா ரொம்பிக் கெடக்குது. துப்பாக்கி வெக்க எடமெங்க இருக்குது?”

“துணிக்குப் பின்னாலங்க.”

“வேற யாராச்சும் எடுப்பாங்களா? உங்க பையன்?”

“ஒருத்தரும் எடுக்க முடியாதுங்க. அவங்கிட்டக்கூடச் சாவியைக் குடுத்ததில்லீங்க.”

மெர்சி பேனாவை மேசைமேல் வைத்தார்.

“இத்தனை கவனமா இருக்கறவரு, நேத்து மட்டும் எப்படீங்க கோட்டை விட்டீங்க?”

“தொடைக்கலாம்னு எடுத்தேனுங்க. கை பட்டு வெடிச்சுப்போச்சு. பையன் எதுக்க நின்னுட்டிருந்தான்...”

“தோட்டா வேற ரூம்ல இருக்கும்னீங்க. தொடைக்க எடுத்த துப்பாக்கிக்குள்ள அது எப்படி வந்துச்சு?”

பாலுசாமி தொங்கிய சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

“ஐயா, இங்க பாருங்க. நீங்க சொல்றதை அப்படியே எழுதினா என்ன ஆகும் தெரியுங்களா? வேணும்னே தோட்டா போட்டு, வேணும்னே சுட்டீங்கன்னு ஆகும். கொலைக் கேஸு. பாலுசாமி சுட்டா குறி தப்பாதுன்னு உங்க ஊர்ல அத்தனை பேரும் சொல்றாங்க. பன்னி வெரட்டிட்டு வந்து, தோட்டாவை எடுக்காம அசதியில வெளிய வெச்சிருந்தீங்கன்னா சொல்லுங்க. கேஸோட போக்கே வேற.”

“இல்லீங்க!” பாலுசாமி பதறினார். “வெளிய வெக்கவே இல்லீங்க. பூட்டித்தானுங்க இருந்துச்சு. என்ற கையத் தவிர வேற கை அதுமேல படவே இல்லீங்க.”

“அப்ப பையன் மேல என்ன கோவம்? தோட்டத்தை எழுதி வெக்கச் சொன்னாரா?”

“கோவமா? இந்த வயசுலயும் அவனைக் கண்ணுன்னுதானுங்க கூப்புடுவேன்.”

மெர்சி சலிப்போடு பெஞ்சுப் பக்கம் திரும்பினார். கிருபாசங்கரின் மனைவி மோகனப்பிரியா அங்கே உட்கார்ந்திருந்தாள். கணவனின் உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. அழுது ஓய்ந்த முகம்.

“நீங்க சொல்லுங்கம்மா. என்ன பாத்தீங்க?”

“சத்தம் கேட்டுச் சமையக்கட்டுல இருந்து ஓடியாந்தேனுங்க. அவுரு கீழ கெடந்தாருங்க.”

“துப்பாக்கி யார் கையில இருந்துச்சு?”

மோகனப்பிரியா மாமனார் பக்கம் திரும்பவே இல்லை.

“மாமா கையிலங்க.”

“வீட்டுல வேற யார் இருந்தாங்க?”

“நாங்க மூணு பேருதானுங்க. பாப்பா ஒண்ணாவது படிக்கறாளுங்க. அவ பக்கத்துத் தோட்டத்துக்கு வெளையாடப் போயிருந்தா.”

மெர்சி எழுதி முடித்து இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். கோர்ட்டுக்கு அழைத்துப்போக வாசலில் ஜீப் வந்து நின்றது.

“பெத்த பையனை வாரிக் குடுத்தும், கடைசி வரைக்கும் பூட்டு சாவிக் கதையை விட மாட்டேங்கறீங்களே” என்று கசப்போடு சொல்லிவிட்டு, மெர்சி கேஸ் கட்டை எடுக்க உள்ளே போனார்.

கூட வந்த போலீஸ்காரர் டிரைவரோடு பேசப் போனதும், மோகனப்பிரியா ஜீப்பருகே வந்தாள்.

“நீ எத்தனை தடவை சொன்னே, அம்மணி” என்றார் பாலுசாமி மெதுவாக. “என்ற துப்பாக்கி நாஞ் சொல்லாம வெடிக்காதுன்னு சிரிச்சேன். இப்ப உள்ள நின்னு சொன்னனே, அப்படி ஒரு நாளாச்சும் பூட்டி வெச்சிருந்தா...”

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பாப்பா என்ன பண்றா?”

“‘கதவு மூலையில இருக்கற துப்பாக்கியை இனிமே எடுக்கவே மாட்டேன்மா, அப்பாவை எந்திரிக்கச் சொல்லும்மா’ன்னு நேத்துல இருந்து அழுதுட்டே இருக்கறாளுங்க, மாமா.”