உள்ளது உள்ளபடி

விற்பனைக்கு வரும் பழங்கால வீடுகளைப் பற்றித் தன் வலைப்பூவில் அவள் எழுதினால், உடைந்த ஓட்டுக்கும் ஓர் அழகு வந்துவிடும். ஆனால் அந்த மாடி வீட்டை மட்டும் கிழி கிழியென்று கிழித்திருந்தாள். அது விலைபோகவே கூடாது என்பதில் அவளுக்கு அவ்வளவு பிடிவாதம்.

'கூரை ஒழுகும். படிக்கட்டு அலறும். குளியலறைக் கதவு சிக்கிக்கொள்ளும். வெளியே வருவது உங்கள் அதிர்ஷ்டம்.'

“மேடம், என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க!” என்று தரகர் பின்னூட்டத்தில் அழுதார்.

“உள்ளதைத்தானே சொன்னேன்” என்று, வலைப்பூ எழுதும் அதே புனைபெயரில் பதில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தரகர் ஒரு தம்பதிக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். அவளும் ஓரமாக நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

குளியலறைக்குள் போன கணவர் உள்ளேயே மாட்டிக்கொண்டார்.

“ஐயோ, கதவு சிக்கிடுச்சா? அந்தப் பதிவுல இருந்த மாதிரியேவா!” மனைவி கைதட்டினாள்.

“படிக்கட்டும் அலறுச்சுடி!” என்று உள்ளிருந்து குதூகலமாகக் குரல் வந்தது.

“புரோக்கர் சார், எதையும் ரிப்பேர் பண்ணிடாதீங்க. இப்படி அசலா ஒழுகுற வீடு இந்தக் காலத்துல எங்கே கிடைக்குது? இப்பவே அட்வான்ஸ் வாங்கிக்குங்க!” என்றாள் மனைவி.



தரகர் ஓரமாக நின்றவள் பக்கம் திரும்பினார். “வீடு முடிஞ்சிருச்சும்மா. இத்தனை வருஷம் கொறைஞ்ச வாடகையிலேயே இங்க ஓட்டிட்டீங்க. அடுத்த மாசம் காலி பண்ணிடுங்க. உங்களுக்கு வேற வீடு பார்க்கணும்னா ஒரு வலைப்பூ இருக்கு, படிச்சுப் பாருங்க. அதை எழுதுற அம்மா பொய்யே சொல்லாது!”