இரட்டைக் கோடு

செவிலி ஷியோரியின் இடுக்கி கழுத்துக் குழாயின் ஓரத்தைத் தொட்டதும், ஹொசோயா அம்மையார் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

குழாயின் அடியில் செருகியிருந்த பழைய காஸ் கட்டுத்துணியை அகற்றினாள். மூச்சுக்காகத் தொண்டையில் இட்ட துளையைச் சுற்றித் தோல் வெந்ததுபோல் சிவந்திருந்தது. துணியைக் கத்தரித்த விளிம்பிலிருந்து பிரிந்த நூல் ஒன்று, மூச்சோடு உள்ளே போவதும் வெளியே வருவதுமாக ஆடிக்கொண்டிருந்தது.

ஓநாயின் தொண்டையில் எலும்பெடுக்கப் போன கொக்கின் கவனத்தோடு ஷியோரி அதைப் பற்றி இழுத்தாள்.

இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும் அம்மையார் எழுத்துப் பலகையை எடுத்தார். குரல் போன மூன்று வாரமாக அதுவே அவருக்கு வாய்.

‘பயப்படாதே. கடிக்க மாட்டேன்.’

ஷியோரிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வார்டில் எட்டுக் கழுத்துகளிலும் இதே புண். நூல் பிரியாத நுரைத்துண்டை வைத்துப் பார்க்கலாமா என்று அன்று காலையில்தான் தலைமைச் செவிலி தொனோமுராவிடம் கேட்டிருந்தாள். அவர் சொன்னது இதுதான்:

“செய்முறைத் தாள்ல என்ன இருக்கோ அதைச் செய். அதுல தன் பேர் முத்திரை வெச்சவங்களே வரி மேல ரெட்டைக் கோடு கிழிச்சு, மேல மறுபடி அதே முத்திரை வெச்சாத்தான் செல்லும். நீ கிழிச்சா அது கிறுக்கல். அவங்க ஓய்வு வாங்கிப் போயி பத்து வருஷம் கழிச்சுத்தான் நானே இங்க வந்தேன். ஊர் ஊராப் போய்த் தேடுறியா?”

அந்தச் செய்முறைத் தாள் இப்போது தள்ளுவண்டியின் மேல் கிடந்தது. ஐந்தாம் வரி: ‘காஸ் துணியை நடுவில் கத்தரித்துக் குழாயின் அடியில் செருகுக.’ அடியில் ஒரு சிவப்பு வட்டம். உள்ளே இருந்த பெயர் படிக்க முடியாதபடி வெளுத்துவிட்டது. வட்டத்தின் இடப்பக்க விளிம்பில் சின்னதாக ஓர் உடைப்பு மட்டும் தெரிந்தது.

அம்மையாரின் கை அதை நோக்கி நீண்டது.

“இது உங்களுக்கு எதுக்கும்மா? வெறும் ஆபீஸ் காகிதம்” என்று சொல்லிக்கொண்டே ஷியோரி கொடுத்தாள்.

அவர் படிக்கவில்லை. விரல் நேரே ஐந்தாம் வரிக்குப் போய் நின்றது.

பிறகு, கட்டிலோர இழுப்பறையிலிருந்து தம் கைப்பையை எடுத்தார். பேனாவால் அந்த வரியின்மேல் இரண்டு கோடுகள் கிழித்தார். கோடுகள் நேராக விழுந்தன. பையின் அடியில் துழாவி, சுண்டுவிரல் அளவில் ஒரு முத்திரைக் கட்டையை எடுத்து, அதன் உறையிலிருந்த சிவப்பு மையில் தொட்டுக் கோடுகளின்மேல் அழுத்தினார்.

ஈரம் காயாத சிவப்பு வட்டம்.

அதன் இடப்பக்க விளிம்பில் சின்னதாக ஓர் உடைப்பு.

ஷியோரி நிமிர்ந்தபோது பலகை அவள் முகத்துக்கு நேரே இருந்தது.

‘நான் இதை எழுதி இருபத்திரண்டு வருஷம். எத்தனை கழுத்து?’

ஷியோரி தள்ளுவண்டியிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து ஒதுக்கி வைத்தாள். அம்மையார் பலகையை இறக்கவில்லை.