பெட்டி ஏன் சுடுகிறது?

அன்ரனிதாஸ் கொம்பியூட்டர் பெட்டியின் பின்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சுட்டது. விடிய நாலரைக்குக் கடலுக்கென்று வீட்டைவிட்டு இறங்கும்போது அவனே பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போன பெட்டி, காலை பத்து மணிக்கு இப்படிச் சுடுவானேன்?

கொம்பியூட்டரில் அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை அதை நிறுத்துவதுதான். அதையும் பிளக்கைப் பிடுங்கித்தான் செய்வான்.

திரை கறுத்துக் கிடந்தது. ஆனால் பெட்டிக்குள் காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது. வாசல் படலை திறந்த சத்தத்துக்கு மனைவி திரையை மட்டும் அவசரமாக அணைத்திருக்கிறாள். இந்தக் கிழமையில் இது மூன்றாம் தடவை.

"ஜெனீற்றா! இஞ்ச வா!"

அவன் மனைவி ஜெனீற்றா குசினிக்குள் இருந்து வந்தாள். அவன் கொண்டுவந்த மீன் பையை வாங்கி, மீனில் ஒட்டியிருந்த ஐஸைத் தட்டிவிட்டுக் குசினி வாசலில் வைத்தாள்.

"இது ஏன் ஓடிக்கொண்டிருக்கு? நான் நிப்பாட்டிப்போட்டெல்லோ போனனான்?"

"நிப்பாட்டி நிப்பாட்டிப் போட்டால்தான் கெதியாப் பழுதாகும். பழைய சாமான், ஒருக்கா நிண்டால் எழும்ப அரை மணித்தியாலம் எடுக்கும். ஓடினால் ஓடட்டும்."

"நாள் முழுக்க ஓடினாச் சூடேறி எரிஞ்சு போகும்."

"எரியிற நேரம் பாப்பம்."

முன்பெல்லாம் அவள் இப்படி வெட்டிப் பேசுகிறவள் இல்லை. இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு இன்னும் ஒரு சந்தேகம் கூடியது.

போன ஆவணியில் பிரான்சில் இருந்து லீவுக்கு வந்து நின்ற ஜெனிஸ்ரன் விட்டுவிட்டுப் போன கொம்பியூட்டர் அது. ஜெனிஸ்ரன் ஜெனீற்றாவின் மாமன் மகன். ஒரு காலத்தில் அவளுக்குப் பேசின மாப்பிள்ளையும் அவன்தான். அவன் ஏன் இதைச் சும்மா தந்தான் என்ற யோசனை சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அன்ரனிதாஸை அரித்துக்கொண்டே இருந்தது.

நேற்று விடிய அவன் கீபோட்டின் மேல் ஒரு வேப்பிலையை வைத்துவிட்டுப் போனான். வந்து பார்த்தபோது இலையைக் காணவில்லை. மேசை துடைக்கிறவள் இலையை எறிவாள்தானே என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"ஆரோட கதைக்கிறனி?"

"ஒருத்தரோடயும் இல்லை."

"பொய் சொல்லாத. நான் படலையால வெளிக்கிட்டால் பெட்டி எழும்புது, நான் திரும்பி வந்தால் படம் நூருது. ஜெனிஸ்ரனோ?"

ஜெனீற்றா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை.

"அவர் இப்ப அங்க நித்திரை."

"அவன்ர நித்திரை நேரம் உனக்கு எப்பிடித் தெரியும்?"

அன்ரனிதாஸ் மேசையில் ஓங்கி அடித்தான்.

"கேள். இண்டைக்குப் பின்னேரம் உந்தப் பெட்டி சுருவில் ஊருக்கு அக்கா வீட்டை போகுது. உண்மையைச் சொல்லாட்டி நீயும் உன்ர உடுப்பை எடுத்துக்கொண்டு கொம்மா வீட்டை போ."

பதினொரு வருடம் அவள் கூட்டிப் பெருக்கிய வீடு. ஜெனீற்றாவின் முகம் வாடிப்போனது. கதிரையை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"இருங்கோ. நீங்களே பாருங்கோ."

திரையைப் போட்டாள். அங்கே ஜெனிஸ்ரனும் இல்லை, வேறு எந்த ஆம்பிளையும் இல்லை. ஒரு வரைபடம்தான் கிடந்தது. ஊர்காவற்றுறை, சரவணை, வேலணை, சுற்றிவர நீலமாகக் கடல். அவர்களுடைய வீடு இருக்கும் இடத்தில் ஒரு சின்னப் புள்ளி.

"இது என்ன?"

"நீங்கள்தான். உங்கட போன். உங்களுக்கு இமெயில் திறக்க அலுப்புப் பஞ்சியெண்டு ஜெனிஸ்ரன் என்ர இமெயிலைத்தானே அதில போட்டுத் தந்தவர். போன் போற இடமெல்லாம் இதில விழும்."

அன்ரனிதாஸ் சட்டைப் பைக்குள் இருந்த போனைத் தடவிப் பார்த்தான்.

"மார்கழிக் காத்தில மாட்டுப்பட்டு ரெண்டு நாள் வராமல் விட்டீங்களெல்லோ. கரையில நிண்டு நான் செத்துப் பிழைச்சனான். அதுக்குப் பிறகுதான் இதைப் பாக்கத் தொடங்கினனான். புள்ளி கடலுக்க அசையிறதைக் கண்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். அதுதான் நிப்பாட்டாமல் வச்சனான்."

சொல்லும்போதே அவளுடைய கண் கலங்கிவிட்டது. அன்ரனிதாஸுக்கு நெற்றி வியர்த்தது. அவளுடைய முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"சரி, சரி. நான்தான் பிழை. கொம்பியூட்டர் இஞ்சயே இருக்கட்டும்," என்றான் அவசரமாக. "இப்ப உதை நிப்பாட்டு."

அவனுடைய கை பிளக்கைத் தேடிப் போனது. ஜெனீற்றா அந்தக் கையைப் பிடித்து மெதுவாக விலக்கினாள்.

"பொறுங்கோ. மூண்டு கிழமையா எனக்கு அந்தப் பயம் இல்லை. புள்ளி கடலுக்கு இறங்கினால்தானே பயம்," என்றாள். பிறகு கேட்டாள்:

"சொல்லுங்கோ, சரவணையில புள்ளி போய் நிக்கிற அந்த வீடு ஆரின்ர?"