தேத்தண்ணிச் சோதனை

ஸ்ட்ரோக் வந்தவர் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்க்க, தெரப்பிஸ்ட் சாம்பவி ரெக்ஸ்டேல் பகுதியில் உள்ள ஒரு வீட்டுக்கு வந்திருந்தாள்.

“நவரட்ணம்தானே?” என்றாள், கையிலிருந்த தாளில் பெயரைப் பார்த்து.

“ஓம்,” என்றார் கதவைத் திறந்தவர்.

“அங்கிள், ஒரு தேத்தண்ணி போடுங்கோ, பாப்பம்.”

நவரட்ணம் தயங்கியபடி குசினிக்குள் போனார். அடுப்பை எப்படிப் போடுவதென்று தெரியாமல் நின்றார். தேயிலையைத் தேடி எல்லா அலுமாரியையும் திறந்தார். சீனி என்று நினைத்து உப்பை அள்ளிப் போட்டார்.

சாம்பவி கதிரையில் இருந்த அவர் மனைவி கமலாம்பிகையிடம் குனிந்தாள். “அன்ரி, அங்கிளுக்கு ஞாபகசக்தி நல்லாப் பாதிச்சிருக்கு.”

“இல்லைப் பிள்ளை, கலியாணம் கட்டின நாளில இருந்து அவர் இப்பிடித்தான்.” கமலாம்பிகை, அசையாத வலக்கையை இடக்கையால் தூக்கி மடியில் வைத்தாள். “ஸ்ட்ரோக் வந்தது எனக்கு. அவற்ற பேர்தானே எனக்கும் கடைசிப் பேர்.”

சாம்பவி பதறி எழுந்தாள்.

“இருங்கோ பிள்ளை. சோதனை எனக்கெண்டு அவருக்கு இப்ப சொல்லிப்போடாதேங்கோ. உப்பெண்டாலும், அவர் போட்ட தேத்தண்ணியை ஒருக்காக் குடிச்சுப் பாப்பம்.”